விண்டோஸைப் புதிதாகப் போடுவது: பென்டிரைவ் செருகுவதற்கு முன்னும் பின்னும்

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) உள்ள கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போட அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. திரையில் வருவதைப் படித்துப் பார்த்து அழுத்தத் தெரிந்தால் யாரும் செய்யலாம். போடுவதற்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்கிறோம், போட்ட பிறகு எதையெல்லாம் திரும்பச் சேர்க்காமல் விடுகிறோம், இந்த இரண்டில்தான் வேலை இருக்கிறது. முதலாவதை விட்டால் ஃபைல் போகும். இரண்டாவதை விட்டால் சில மாதங்களில் கணினி பழைய கதைக்கே திரும்பிவிடும்.

சிவகாசியில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அச்சகங்களின் டிடிபி (பக்க வடிவமைப்பு) சிஸ்டங்கள், ஆடிட்டர் ஆபீஸ் சிஸ்டங்கள், கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்கள் என்று எல்லாம் வரும். அதனால் தமிழ் எழுத்துரு, டாலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்ற சங்கதிகள் இதில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஃபார்மட் அடித்தால் சரியாகுமா?

"அண்ணாச்சி, ரொம்ப ஹேங் ஆகுது, ஒரு ஃபார்மட் அடிச்சுக் குடுங்க" என்று கொண்டுவந்து வைப்பார்கள். நான் முதலில் சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டு, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் சும்மா விட்டுவிடுவேன். அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

சும்மா இருக்கும்போதே டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறது, டிஸ்க்கின் பெயருக்குக் கீழே ஹெச்டிடி என்றும் போட்டிருக்கிறது என்றால், ஃபார்மட் அடித்து ஒன்றும் பெரிதாக ஆகப்போவதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டுமே பின்னணியில் சின்னச் சின்னதாக ஆயிரம் இடங்களில் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும். சுழலும் தட்டும் நகரும் முள்ளும் உள்ள பழைய ஹார்டு டிஸ்க்கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதில் புதிதாக ஓஎஸ் போட்டால் கொஞ்ச நாள் தேவலை போலத் தெரியும், அவ்வளவுதான். அந்த உழைப்பை எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு அதில் செய்யுங்கள். லேப்டாப்பில் எம்.2 (சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான) இடம் இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப் என்றால், டிவிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற ஒரு சட்டத்தைப் போட்டுப் பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம்.

மெமரி எண்பது தொண்ணூறு சதவீதத்தில் நிற்கிறது, ரேம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்பது போடுவதற்கான கணக்கு, வேலை பார்ப்பதற்கான கணக்கு அல்ல.

இரண்டும் சரியாக இருந்து, அரை மணி நேரம் ஓடியதும் மட்டும் மந்தமாகிறதா? ஃபேன் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் அச்சகத்துக் காகிதத் தூசி ஃபேன் இடுக்கில் மெத்தைபோல் படிந்திருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குத் தேவை பிரஷ்ஷும் புது தெர்மல் பேஸ்ட்டும்தான், ஓஎஸ் அல்ல.

டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீல நிறத்தில் 'குட்' என்று வந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், அதில் புதிதாக எதுவும் போடாதீர்கள். ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு வேறு டிஸ்க் வாங்குங்கள்.

இத்தனையும் தாண்டிய பிறகும் கணினி மந்தமாக இருக்கிறது, தேவையில்லாத மென்பொருள் எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது, எது எப்போது வந்தது என்றே தெரியவில்லை, வைரஸ் புகுந்து போன சந்தேகமும் இருக்கிறது என்றால் ஃபார்மட்தான் வழி. விண்டோஸுக்குள்ளேயே 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் சில லேப்டாப்களில் கம்பெனி ஏற்றிக் கொடுத்த குப்பையும் அதோடு சேர்ந்து திரும்பி வரும். சுத்தமாக வேண்டுமென்றால் பென்டிரைவிலிருந்து போடுவதே மேல்.

எதைப் போடுவது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ஆகவே இப்போது புதிதாகப் போடுவதென்றால் விண்டோஸ் 11 போடுவதுதான் அர்த்தமுள்ள வேலை. அதற்குத் தகுதியானவை, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸர், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேற்பட்டவை. கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கணினி கிளம்பும்போதே சரிபார்க்கும் வசதி) இரண்டும் வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் ஆகுமா ஆகாதா என்று அதுவே சொல்லிவிடும். சில நேரம் டிபிஎம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை ஆன் செய்தால் போதும்.

தகுதி இல்லாத பழைய கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்ற முடியும். கணக்கு வழக்கு பார்க்கிற ஆபீஸ் சிஸ்டங்களுக்கு நான் அப்படிச் செய்து கொடுப்பதில்லை. அந்தக் கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. பிள்ளைகள் படிக்கவும் படம் பார்க்கவும் மட்டும் பயன்படுகிற பழைய கணினி என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுக் கொடுப்பேன், நன்றாகவே ஓடுகிறது.

'லைட் ஓஎஸ்', 'கேமிங் ஓஎஸ்' என்று யாரோ வெட்டிச் சுருக்கி இணையத்தில் போட்டிருக்கும் விண்டோஸ் பக்கம் போகாதீர்கள். பறப்பதுபோல் இருக்கும். அப்டேட்டை நிறுத்தி, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அந்த வேகத்தைக் கொடுத்திருப்பார்கள். உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதில் உட்கார்ந்துகொண்டு பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போகிறீர்களா?

லைசென்ஸைப் பற்றிப் பலருக்குக் கவலை. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். உங்களிடம் அட்டையும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். அசல் பென்டிரைவிலிருந்து போடும்போது அதுவே சாவியைப் படித்து, ஹோம் என்றால் ஹோம் பதிப்பைப் போட்டு, இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நல்ல ஹோம் லைசென்ஸோடு வாங்கிய லேப்டாப்பில் திருட்டு ப்ரோவை ஏற்றிக் கொடுத்த ஆட்கள் உண்டு. வாங்கியவருக்குத் தன் பணத்துக்கு ஒரு லைசென்ஸ் இருக்கிறது என்பதே தெரியாது. போடுவதற்கு முன் செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்து, எந்தப் பதிப்பு, எப்படி ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்பதை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்போடு எம்எஸ் ஆஃபீஸ் வந்திருந்தால் அது சாவியோடு இல்லை, முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போட்டீர்களோ அதோடு ஒட்டியிருக்கும். அந்த மின்னஞ்சல் எது, பாஸ்வேர்டு என்ன என்பதை ஃபார்மட் அடிக்கும் முன்பே தேடிக் கண்டுபிடியுங்கள். கடையில் வாங்கும்போது விற்றவரே ஒரு மின்னஞ்சல் உருவாக்கிப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே அவரைப் பிடியுங்கள்.

எடுத்து வைப்பது

இதற்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வேண்டும். "எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு, அது போகாது" என்று தைரியமாகச் சொல்வார்கள். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுகள்தான். அந்த டிஸ்க் போனால் இரண்டும் போகும். டிஸ்க்கைப் பிரிக்கிற பார்ட்டிஷன் பக்கத்தில் கை தவறினாலும் போகும்.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இவற்றை யாரும் மறப்பதில்லை. டவுன்லோட்ஸில் வாட்ஸ்அப்பிலிருந்து இறங்கிய பில்களும் சான்றிதழ்களும் கிடக்கும், குப்பை என்று விட்டுவிடாதீர்கள். ஒன்டிரைவ் போட்டிருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஃபைல் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது கணினியில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கணக்குக்குள் நுழையத் தெரியும் என்றால் பரவாயில்லை.

மறக்கிறவை வேறு. டாலிபிரைம் டேட்டா, நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலிபிரைம், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று டாலியிலேயே டேட்டா பாத் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள். டாலிக்குள்ளிருந்து பேக்கப்பும் தனியாக எடுங்கள். அப்புறம் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். புதிய விண்டோஸில் மறுபடி ஆக்டிவேட் செய்ய இது சிக்கலில்லாத வழி. அதற்கு டாலிக்குக் கொடுத்த மின்னஞ்சல் இப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பற்றி ஆடிட்டர் ஆபீஸில் பயப்படுவார்கள். கையெழுத்து அந்த யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, கணினியை ஃபார்மட் செய்தால் அது அழியாது. டோக்கனுக்கான டிரைவர் (கருவியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்), ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்துப் போட உதவும் இஎம்சைனர் இரண்டையும் மறுபடி போட்டால் போதும். டோக்கன் என்ன மாடல், அதன் பாஸ்வேர்டு என்ன என்று குறித்து வையுங்கள்.

அவுட்லுக்கில் பழைய முறையில் மெயிலை இறக்கிப் படிக்கிறவர்களுக்கு டாக்குமெண்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் பிஎஸ்டி ஃபைல் இருக்கும். அதுதான் மொத்த மெயிலும். குரோமில் கூகுள் கணக்கில் சிங்க் ஆன் செய்திருந்தால் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தானாக வரும். இல்லையென்றால் பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் செய்யலாம். அந்த ஃபைலில் எல்லாம் பூட்டில்லாமல் பச்சையாகத் தெரியும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இனி எழுத்துரு. எங்கள் ஊரில் டிடிபி சிஸ்டத்தில் இதை மறந்தால் கடையே நின்றுவிடும். பாமினி, வானவில் அவ்வையார் போன்றவற்றில் அடித்த பழைய காலண்டரையும் கல்யாணப் பத்திரிகையையும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே வராது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ சங்கேத மொழிபோல நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை, அதனால் வரும் வினை. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து முழுவதையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். அதோடு நிற்காதீர்கள். விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகள் தொடங்கி, சாதாரணமாக 'இன்ஸ்டால்' என்று கொடுத்த எழுத்துருக்கள் அந்த ஃபோல்டரில் போய் உட்காருவதில்லை. உங்கள் யூசர் பெயர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற பாதையில் இருக்கும். அதையும் தனியாக எடுத்து வையுங்கள்.

கடைசியாக பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். உங்களைக் கேட்காமலே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. சி டிரைவை அழித்து, டி டிரைவை அப்படியே விட நினைத்திருந்தால், புதிய விண்டோஸ் வந்ததும் டி டிரைவ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீ இல்லையென்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான், என்னைப் போன்ற எந்த சர்வீஸ் ஆளாலும் திறக்க முடியாது. முன்கூட்டியே என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள், முழுதாகக் கழன்று முடியும்வரை காத்திருங்கள். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று தோன்றியதும், வெளி டிஸ்க்கை இன்னொரு கணினியில் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

பென்டிரைவ்

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டினால், அதுவே விண்டோஸை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றித் தந்துவிடும். சுமார் 5 ஜிபி இறங்கும். தினமும் ஒன்றரை ஜிபி என்ற ஃபோன் பேக்கை நம்பி உட்காராதீர்கள், பிராட்பேண்ட் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

பென்டிரைவ் தயாரானதும் அதிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கி வையுங்கள். 11-ஆம் தலைமுறை இன்டெல்லோ அதற்கு மேலோ என்றால், அங்கேயே ஸ்டோரேஜ் பிரிவில் இருக்கும் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் இறக்கி விரித்து வையுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

அந்த அரை மணி நேரம்

பென்டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்த உடனே பூட் மெனு பட்டனை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். எதிலிருந்து கிளம்புவது என்று வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, அசுஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்திருக்க வேண்டும். லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டே தொடங்குங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

மொழி கேட்கும். விசைப்பலகையில் யுஎஸ் என்றே கொடுங்கள். யுகே என்று விட்டுவிட்டால் @ அடிக்க வேண்டிய இடத்தில் மேற்கோள் குறியும், மேற்கோள் குறிக்கு @ குறியும் வரும். கீபோர்டு கெட்டுப்போயிற்று என்று புதுக் கீபோர்டு வாங்கியவர்களும் உண்டு. சாவி கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ' என்பதைக் கொடுத்து, ஃபோனில் படம் எடுத்து வைத்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வருவதுதான் நின்று நிதானிக்க வேண்டிய திரை. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 1, 100 எம்பி என்று ஒரு வரி. 16 எம்பி என்று ஒரு வரி. அப்புறம் உங்கள் சி டிரைவ், கீழே சில நூறு எம்பியில் ரெக்கவரி. டி டிரைவ் இருந்தால் அதுவும் ஒரு வரி. இங்கே சி, டி என்ற எழுத்தெல்லாம் இருக்காது, அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். இரண்டு டிஸ்க் இருந்தால் எது 0, எது 1 என்பதை நம்பாதீர்கள். எஸ்எஸ்டிதான் 0 ஆக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. டெஸ்க்டாப் என்றால் நான் இரண்டாவது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டே உட்காருவேன். தவறாக அழிக்கிற பயமும் இல்லை, பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டு, பின்னாளில் அதைக் கழற்றினால் கணினியே கிளம்பாமல் போகிற தொல்லையும் இல்லை.

டிஸ்க்கே தெரியவில்லை, பட்டியல் காலியாக இருக்கிறது என்றால் பதற வேண்டாம். 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும், அதற்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இருக்காது. 'லோட் டிரைவர்' கொடுத்து, முன்பு இறக்கி வைத்த ரேப்பிட் ஸ்டோரேஜ் ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரியும்.

முழுதாகச் சுத்தம் செய்வதென்றால், அந்த டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு வரியையும் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுங்கள், 'அன்அலொகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி மிஞ்சும்வரை. அப்புறம் நெக்ஸ்ட். நீங்கள் பார்ட்டிஷன் எதுவும் உருவாக்க வேண்டாம், தேவையானதை அதுவே போட்டுக்கொள்ளும். பழைய டிஸ்க்கில் எம்பிஆர், ஜிபிடி (டிஸ்க்கைப் பிரித்துக் குறிக்கும் பழைய, புதிய முறைகள்) என்று பிழைச் செய்தி வந்து நின்றாலும் இதே மருந்துதான். டி டிரைவை வைத்துக்கொள்கிறவர்கள் அந்த ஒரு வரியைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் அழியுங்கள்.

256 ஜிபி எஸ்எஸ்டியை சி, டி என்று பிரிக்காதீர்கள் என்பது என் கருத்து. சி-க்கு 80 ஜிபி ஒதுக்கிவிட்டு, அது சிவப்பாகி, அப்டேட் இறங்க இடமில்லாமல் திணறும் சிஸ்டங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எஸ்எஸ்டியில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் வைத்திருப்பது வேகத்துக்கும் நல்லது.

ஒரு ரீஸ்டார்ட் ஆனதும் பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம். இல்லாவிட்டால் சிலதில் மறுபடி முதல் திரைக்கே போய் நிற்கும்.

பிறகு பெயர், ஊர், இணையம் என்று கேட்கும். வைஃபை பட்டியல் காலியாக இருந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். பென்டிரைவில் வைத்திருப்பதை அங்கேயே 'இன்ஸ்டால் டிரைவர்' வழியாகப் போடலாம். அது ஒத்துவரவில்லையென்றால், ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து ஃபோனில் யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். கணினி அதை லேன் கேபிள் என்று எடுத்துக்கொள்ளும். ஹோம் பதிப்பு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், உங்கள் சொந்தக் கணக்கையே கொடுங்கள். அதற்கடுத்து வரிசையாக வரும் லொகேஷன், விளம்பர அடையாளம், 'டெய்லர்டு எக்ஸ்பீரியன்ஸ்' கேள்விகளுக்கெல்லாம் நோ கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

திரும்பச் சேர்ப்பது, சேர்க்காமல் விடுவது

டெஸ்க்டாப் வந்ததும் மென்பொருள் போட ஓடாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, இனி ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை ஓட்டி, கேட்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று இருக்கும், விடுபட்ட டிரைவர்கள் அங்கே கிடைக்கும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கம்பெனி தளத்திலிருந்து அந்த ஒரு டிரைவரை மட்டும் போடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருகிற எதையும் போடாதீர்கள். 'பிசி கிளீனர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' வகையறாக்களும் அப்படித்தான். மந்தத்தைப் போக்க வந்த மென்பொருளே மந்தத்துக்குக் காரணமாக இருப்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

முதல் நாளும் மறுநாளும் கணினி கொஞ்சம் இழுக்கும். தேடலுக்காக ஃபைல்களை அட்டவணைப்படுத்தும், அப்டேட் இறக்கும், டிஃபெண்டர் ஒரு சுற்று பார்க்கும். இரவு ஆன் செய்தபடி விட்டுவிட்டால் தானாக அடங்கிவிடும். அந்த டிஃபெண்டரே வீட்டுக்கும் சின்ன ஆபீஸுக்கும் போதுமானது. மேலே இன்னொரு இலவச ட்ரையல் ஆன்டிவைரஸ் ஏற்றினால் வேகம் போவதும் பாப்அப் வருவதும்தான் மிச்சம்.

தமிழுக்கு செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பக்கத்தில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும். தமிழைச் சேர்க்கும்போது தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸும் இறங்கும். இறங்காவிட்டால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தேடிப் போடுங்கள். லதா எழுத்துரு அதில்தான் இருக்கிறது. பழைய வேர்டு ஃபைல்கள் வரி தப்பி, பக்கம் மாறித் தெரிவதற்குப் பாதி நேரம் லதா இல்லாததுதான் காரணம்.

பாமினி வகையறாக்களைப் போடும்போது ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். சும்மா இன்ஸ்டால் கொடுத்தால் சில பழைய டிசைன் மென்பொருள்களின் பட்டியலில் அது வராது. எடுத்து வைத்த எழுத்துருக்கள் அத்தனையையும் மொத்தமாகக் கொட்டவும் வேண்டாம். டிடிபி சிஸ்டங்களில் மூவாயிரம் நாலாயிரம் எழுத்துரு சாதாரணமாகக் கிடக்கும். அத்தனையையும் படித்துவிட்டுத்தான் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் திறக்கும், தாமதம் அங்கேதான். நடப்பு வேலைக்கு வேண்டியதை மட்டும் போட்டுவிட்டு, மீதியை ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பழைய பார்ட்டி திரும்பி வரும்போது அவர்களுடைய எழுத்துருவை ஏற்றிக்கொள்ளலாம்.

பிரிண்டருக்கு ஒரு வார்த்தை. ஊரெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கேனன் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள், யுஎஸ்பி கேபிளை முதலிலேயே செருகாதீர்கள். கேனன் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரை இறக்கி ஓட்டி, இப்போது இணைத்து ஆன் செய் என்று அது கேட்கும்போது செருகுங்கள்.

மற்ற மென்பொருள்களுக்கு நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது இதுதான்: பழைய பட்டியலைப் பார்த்துப் போடாதீர்கள். பிரவுசர், ஆஃபீஸ், டாலி என்று அன்றாடம் தொடுவதை மட்டும் போட்டுவிட்டு இரண்டு வாரம் வேலை பாருங்கள். எது இல்லாமல் கை நிற்கிறதோ அதை அன்றைக்கு, அதனுடைய சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பலர் திரும்பக் கேட்பது மூன்று நான்கைத் தாண்டாது.

அந்த இரண்டு வாரம் முடிந்ததும் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தைத் திறங்கள். நீங்கள் சேர்க்காமலே சிலது சேர்ந்திருக்கும். சாட் மென்பொருள், அப்டேட்டர்கள், பிரிண்டர் கண்காணிப்பு என்று. ஒன்டிரைவைப் பயன்படுத்தாதவர்கள் அதையும் சேர்த்து டிசேபிள் கொடுக்கலாம், எதுவும் கெட்டுப்போகாது, தேவைப்படும்போது கையால் திறந்தால் ஓடும். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஆப்களை ஓடவிடும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள்.

இப்போது கணினி நீங்கள் விரும்புகிற நிலையில் இருக்கிறது. இந்த நிலையையே ஒரு இமேஜ் (அப்படியே ஒரு முழு நகல்) எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டியதில்லை. கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரிஸ்டோர் விண்டோஸ் 7' என்று பழைய பெயரில் ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்குள் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' கொடுத்தால் மொத்த சி டிரைவையும் அப்படியே எடுத்துத் தரும். திரும்ப வைக்க விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பக்கத்துக்குள் போய் சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி கொடுக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது அன்றைக்கு சி டிரைவில் உள்ளது போய்விடும், அதனால் அன்றாட ஃபைல்களுக்கான பேக்கப் தனியே ஓடிக்கொண்டிருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை ஃபார்மட் அடிக்க வேண்டும் என்பது ஹார்டு டிஸ்க் காலத்துப் பழக்கம். எஸ்எஸ்டியில் போட்டு, ஸ்டார்ட்அப் பட்டியலை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற சிஸ்டங்கள் மூன்று நான்கு வருடமாக என் கடைப் பக்கம் வராமலே ஓடுகின்றன. வந்தாலும் ஃபேன் துடைக்கத்தான்.